பேசிக்கிட்டே இருக்கணும்

— இன்னொரு பெஞ்சையும் தூக்கி மேல போடு தம்பி. இடிஞ்சு விழுந்த கட்டடம் இவ்வளவு வசதியாவா இருக்கும்?

— ஒத்திகைக்கு இது போதும்மா. நெத்தியில போட்ட சிவப்பு மை இன்னும் காயல, துடைச்சுடாதீங்க. கழுத்துல மாட்டின அட்டைய படிச்சீங்களா?

— கண்ணாடி வீட்ல கிடக்கு. நீயே படி.

— "தலையில் அடி. நினைவுத் தடுமாற்றம்."

— எனக்கா? யார் எதை எங்க வச்சாங்கன்னு எங்க வீட்ல அத்தனை பேரும் என்கிட்டதான் வந்து கேப்பாங்க. வேற அட்டை இல்லையா?

— மேலிடத்துல இருந்து வந்த அட்டைம்மா, மாத்த முடியாது. பக்கத்துல இருக்கறவங்களுக்கு கால் முறிவு. மேடம், கட்டு ரொம்ப இறுக்கமா இருக்கா?

— கட்டு பரவாயில்ல சார். பக்கத்து ஆளுதான் கஷ்டம். என்னை வேற அறையில படுக்க வைங்களேன்.

— ஏன் மேடம்? ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டு நம்பர். ஒண்ணா இருந்தா தைரியமா இருக்குமேன்னுதான் சேர்த்துப் போட்டேன்.

— நம்பர் ஒண்ணுதான் தம்பி. என் புருஷன் அண்ணன், அவ புருஷன் தம்பி. அவங்க ரெண்டு பேரும் பேசிப்பாங்க, சிரிச்சுப்பாங்க, கேரம்கூட ஆடுவாங்க. நாங்க பேசறதில்ல.

— ஒரே வீட்ல இருந்துக்கிட்டா?

— நடுவுல சுவர் இருக்கு சார். சுவர்ல ஒரு கதவு இருக்கு. அந்தப் பக்கம் பூட்டு. மேற்கொண்டு விவரம் வேணும்னா நினைவு தடுமாறிக் கிடக்கறவங்களக் கேளுங்க.

— எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லப்பா. அட்டையிலயே போட்டிருக்கு.

— அம்மா, மேடம், கொஞ்சம் கேளுங்க. நிலநடுக்கத்துல மாட்டிக்கிட்டவங்க சத்தம் குடுத்துக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் மீட்புக்குழு எந்த அறைன்னு கண்டுபிடிக்கும். இதைப் பழக்கத்தான் நிர்வாகம் தெருத்தெருவா ஒத்திகை நடத்துது. பேசமாட்டோம்னு நீங்க படுத்திருந்தா சாயங்காலம் வரைக்கும் இங்கயேதான் கிடக்கணும்.

— சாயங்காலம் வரைக்குமா? பிள்ளை ஸ்கூல்ல இருந்து வந்துடுவான் சார்.

— அப்போ பேசுங்க. இன்னொண்ணு. உண்மையிலேயே யாருக்காவது முடியாம போச்சுன்னா, "நிஜம்"னு சத்தமா சொல்லணும். அதுதான் அடையாளச் சொல். உடனே ஒத்திகைய நிறுத்திட்டு டாக்டரோட ஓடி வருவோம். அந்த வார்த்தை வராத வரைக்கும் நீங்க எப்படி அலறினாலும் நடிப்புன்னுதான் எடுத்துப்போம்.

— நிஜமாவா?

— அம்மா! இப்பத்தானே சொன்னேன்!

— தன்னால வருது தம்பி. நாள் முழுக்க வாயில வர்ற வார்த்தையப் போய் யாராவது அடையாளச் சொல்லா வைப்பாங்களா?

— பெரியவங்க எல்லாம் கூட்டம் போட்டு எடுத்த முடிவும்மா, நான் என்ன பண்ண? கதவ சாத்தறேன். பேசிக்கிட்டே இருங்க.

— ...யாராவது இருக்கீங்களா? எங்களக் காப்பாத்துங்க.

— நல்லா இருக்கே, இதுக்குப் பேர் கத்தறதா? பிள்ளைய நீ வீட்டுப்பாடம் எழுத வைக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும்.

— நான் மீட்புக்குழுவக் கூப்பிடறேன். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசல.

— நானும் உன்கிட்ட பேசல. பெஞ்சுகிட்ட சொன்னேன். பெஞ்சே, நீயே நியாயம் சொல்லு. ஒருத்தி புதுசா வாஷிங் மெஷின் வாங்கினா. தெருவே கேக்கற மாதிரி பெருமை பேசினா, சரி. அதோட அழுக்குத் தண்ணிய என் பக்கத்து முற்றத்துக்கு விடலாமா? நான் துவைச்சுப் போட்ட போர்வை கீழ விழுந்து அதுல ஊறிக் கிடந்துச்சு.

— பெஞ்சு, நீ இந்தப் பக்கமும் கேளு. குழாய் போட வந்தவன் தெரியாம திருப்பி வச்சுட்டான். அதுக்காகப் பத்து பேர் முன்னாடி "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு"ன்னு ஒருத்தங்க கேக்கலாமா?

— பத்து பேரா? காய்கறி வண்டிக்காரன் ஒருத்தன்தான் நின்னுட்டிருந்தான்.

— அதெல்லாம் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கே!

— அப்பப்ப வந்து போகுது. தடுமாற்றம்னா அப்படித்தான். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா பெஞ்சு? "இனிமே அந்தக் கதவ நான் தொட்டேன்னா என் பேரையே மாத்தி வச்சுக்கோங்க"ன்னா.

— சொன்னேன். சொன்னேன்தான். உடனே அந்தப் பக்கம் டொக்குனு பூட்டு விழுந்துச்சு. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்குக்கா.

— ...யாரடி அக்காங்கற?

— பெஞ்சத்தான்.

— பெஞ்சுக்கு வயசாயிடுச்சு, பாவம். சரி, பெஞ்ச அக்கான்னு கூப்பிடற அளவுக்கு வந்துட்ட. மேல சொல்லு.

— சொல்றதுக்கு என்ன இருக்கு? போன மாசம் உண்மையிலேயே நிலம் ஆடினப்போ வீட்ல நானும் பிள்ளையும் மட்டும்தான். நிலை கோணிக்கிட்டு வாசக்கதவு இறுகிப்போச்சு. இழுத்தேன், உதைச்சேன், திறக்கவே இல்ல. மேல இருந்து காரை உதிருது. பிள்ளை என் கழுத்தக் கட்டிக்கிட்டு கண்ண மூடிட்டான். பால்காரர் கடப்பாறையோட வந்து உடைக்கலேன்னா என்ன ஆயிருக்கும்?

— தெரியும்டி. நான் கடையில இருந்து செருப்புகூட இல்லாம ஓடி வந்தேன். நீ தெருவுல நின்னுட்டிருந்த. உன்னத் தொட்டுப் பாக்கணும்னு கையெல்லாம் பரபரன்னு வந்துச்சு. நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட.

— அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. நீங்க பாத்துடக் கூடாதுன்னு திருப்பினேன்.

— அட லூசே!

— நீங்க பேசக்கூட இல்லையே. அப்புறம் வீடு வீடா சோதனை பண்ண வந்தாங்கல்ல, அவங்க எங்க பக்கத்துக்கு ஆபத்துன்னு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரே ஒரு வழிதான் இருக்கு, அதுவும் இறுகிக்கிற வழி. நடுச்சுவரக் காட்டி, "இந்தக் கதவு?"னு கேட்டாங்க. "அது பூட்டியிருக்கு சார்"னு சொன்னேன். இன்னொரு வழி இல்லாத வீட்ல பிள்ளைய வச்சிருக்காதீங்கம்மான்னு ரொம்ப நல்ல விதமா சொன்னாங்க.

— அதுக்கு என்ன பண்ணப் போற?

— வேற வீடு பாத்துட்டோம். பாலத்துக்கு அந்தப் பக்கம். வர்ற வாரம் போறோம்.

— நிஜமாவா?

— வந்துட்டோம்! வந்துட்டோம்! யாருக்கு என்ன? டாக்டர், இந்தப் பக்கம்! அம்மா, நெஞ்சு வலியா? மூச்சு விட முடியுதா?

— தம்பி, தம்பி, மெதுவா! பெஞ்சு கால்ல விழுந்துடப் போகுது. ஒண்ணுமில்ல, வாய் தவறிடுச்சு.

— அம்மா, தெருவுல ஒத்திகையவே நிறுத்திட்டோம்! மேலதிகாரி வந்து நிக்கறாரு! கண்ணெல்லாம் வேற தண்ணியா இருக்கு. உண்மையச் சொல்லுங்க, வலி எங்க இருக்கு?

— வலி இருக்கு. ஆனா நீ ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போற வலி இல்ல. மறுபடி கதவ சாத்திட்டுப் போ.

— ஆனா உங்களத்தான் கண்டுபிடிச்சுட்டோமே. விதிப்படி வெளிய கூட்டிட்டுப் போகணும்.

— சார், எங்களக் கண்டுபிடிக்கவே இல்லைன்னு வச்சுக்கோங்க. நாங்க இன்னும் மாட்டிக்கிட்டுதான் இருக்கோம். பக்கத்து அறையில எழுபது கிலோவுல ஒருத்தர் கிடக்கறாரு, முதல்ல அவரத் தூக்குங்க.

— என்ன குடும்பம்டா இது! டாக்டர், வாங்க, பக்கத்து அறைக்குப் போவோம்.

— ...போயிட்டான். சின்னவளே, நல்லா யோசிச்சியா? உன் புருஷன் இந்த விஷயத்த அண்ணன்கிட்டகூடச் சொல்லலையே.

— நான்தான் சொல்லாதீங்கன்னேன். சொன்னா நீங்க "போய்த் தொலையட்டும்"னு சொல்லிடுவீங்களோன்னு பயம். அதைக் காதால கேட்டுட்டுப் போறதுக்கு கேக்காமலே போயிடலாம்னு தோணுச்சு.

— போய்த் தொலையட்டும்னு சொல்ற வாயாடி இது? உன் பிள்ளை சுவத்துக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு தப்பாச் சொன்னா நான் இந்தப் பக்கம் அடுப்படியில நின்னு திருத்தறேன். ஏழெட்டு அம்பத்தாறு, ஏழெட்டு அம்பத்தாறுன்னு. உங்க பெரியப்பா வேற, நான் தனியாப் பேசறேன்னு டாக்டர்கிட்ட போகச் சொல்றாரு.

— எங்க பெரியப்பாவா?

— பிள்ளைக்குப் பெரியப்பாடி. தலையில அடிபட்டவகிட்ட முறை கேக்காத.

— சிரிப்பு காட்டாதீங்க, கால் முறிஞ்சிருக்கு எனக்கு.

— சிரி. எத்தனை நாளாச்சு நீ சிரிச்சுக் கேட்டு.

— அக்கா, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. வாய விட்டது நான்தான். எனக்கும் போக இஷ்டமில்ல. புது வீட்ல சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருப்பாங்க. ஏழெட்டு அம்பத்தாறுன்னு சொல்றதுக்கு ஆள் இருக்காது. ஆனா ராத்திரியில லாரி போய் வீடு அதிர்ந்தாகூட எந்திரிச்சு உக்காந்துக்கறேன். பயமா இருக்குக்கா. நீங்க என்னை மன்னிக்கக்கூட வேண்டாம். அந்தப் பூட்ட மட்டும் எடுத்துடுங்க, நாங்க எங்கயும் போகல.

— எந்தப் பூட்டுடி? கோவத்துல மாட்டினேன், மறுநாளே கழட்டி எறிஞ்சுட்டேன். அன்னைக்கு நிலம் ஆடினப்பவும் அந்தக் கதவு சும்மா சாத்தித்தான் கிடந்துச்சு. உசுரு போற நேரத்துலகூட என் பக்கம் வர உனக்கு மனசு வரலையேன்னு நான் இத்தனை நாளா அழுதுக்கிட்டிருக்கேன். ஒரே ஒரு தடவ தள்ளிப் பாத்திருக்கக் கூடாதா?