‘திடீர்’ என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ளவில்லை

இக்கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் ஜனாப் ஸெய்னுலாப்தீன் அவர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திரு. இருளாண்டி அவர்களே, மாத்தளையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் நோகும் முழங்கால்களோடு இந்தப் படிகளை ஏறி வந்திருக்கும் நம் மூட்டு நோயாளர் சங்கத்து உறுப்பினர்களே! வணக்கம். யாரும் எழுந்து நிற்கவேண்டாம். பாப்பம்மா இருந்திருந்தால் உங்களுக்குக் கதிரை போட்ட பிறகுதான் வணக்கமே சொல்லியிருப்பார்.

வாசலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் படித்தேன். ‘சங்கத் தலைவி திருமதி பாப்பம்மா இருளாண்டி திடீர் மரணம்.’ யார் எழுதியது இந்தத் ‘திடீர்’? முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகளின் கொப்பி திருத்தியவள் நான். பிழையான சொல்லைக் கண்டால் என் கை சும்மா இருக்காது.

பாப்பம்மா யார்? பலாபத்வலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் இருபத்தாறு வருடம் ஊரார் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டியவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிய பிறகாவது ஓய்ந்தாரா? நமக்கென்று சங்கம் தொடங்கினார்! கிளினிக் நாளில் மருந்துப் போத்தலைத் திறக்க முடியாமல் நாம் திண்டாடும்போது, அதை முழங்கை மடிப்பில் இறுக்கிப் பல்லால் திறந்து தருவார். “பல்லுக்கு இன்னும் வாதம் வரலீங்க டீச்சர்” என்பார். நான் முகம் சுளிப்பேன். போத்தலை வாங்கிக்கொள்வேன்.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திடீரென்று போய்விட்டாராம். நான் நம்பவில்லை. மரண வீட்டிலேயே இருளாண்டியிடம் கேட்டேன்.

“காலைல இடது தோளு இழுக்குதுன்னா டீச்சர். வாதந்தானேன்னு எண்ணெய் தேச்சு விட்டேன்.”

“பிறகு?”

“தாடையும் வலிக்குதுன்னா. வயித்து கேஸா இருக்கும்னு பக்கத்து வீட்டுல இஞ்சித் தண்ணி குடுத்தாங்க. ‘எண்ணெய் தடவியாச்சு, இஞ்சி ஊத்தியாச்சு, இனி அடுப்புல ஏத்த வேண்டியதுதான்’னு சிரிச்சா.”

மூன்று மணித்தியாலம்! ஓட்டோ வந்தபோது பேச்சு நின்றிருந்தது. மாரடைப்பு.

இருளாண்டி அவர்களே, தலை குனியவேண்டாம். நம் எல்லோர் வாயிலும் உள்ள ஒரு சொல்தான் உங்களை ஏமாற்றியது. விரல் வீங்கினால் வாதம், தோள் இழுத்தால் வாதம், மூச்சு வாங்கினாலும் வாதம்! மூட்டை எரிக்கும் அழற்சி மூட்டோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது? அது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகளின் உட்சுவரையும் கெடுக்கிறது. அதனால்தான் நமக்கு மாரடைப்பு வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்.

இதை வைத்தியர் சொல்லவில்லையோ? அந்தச் சந்தேகமும் எனக்கு இருந்தது. பாப்பம்மாவின் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். சொல்லியிருக்கிறார்! ஈ.சி.ஜி. எடுக்கவும் கொழுப்பு பார்க்கவும் மார்ச் மாதம் எழுதிக் கொடுத்த துண்டு, மடித்தபடி உள்ளேயே இருந்தது.

ஏன் போகவில்லை? இதோ இங்கே இருக்கும் நம் உறுப்பினர் முனவ்வராவிடம் சொன்னாராம்: “ஒரு ஆளுக்கு ஒரு சீக்கு போதாதா புள்ள? நெஞ்சு நல்ல நெஞ்சு. முட்டிதான் துரோகி.”

சிரிக்கிறீர்களே முனவ்வரா, உங்கள் துண்டு எங்கே? கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறீர்கள், அது இதயத்துக்கு ஆகுமா என்று ஒருநாளாவது கேட்டீர்களா? வலி குறைந்ததும் கிளினிக் மருந்தை நிறுத்தியவர்கள் இங்கே எத்தனை பேர்? கை உயர்த்தச் சொல்லமாட்டேன். உயர்த்த முடியாது என்பீர்கள்.

என்னையும் சந்தேகியுங்கள். எனக்கும் அதே மாதம் அதே துண்டு கிடைத்தது. என் கணவர் நெஞ்சுவலியில் போனவர். அன்று அவருக்காகக் காத்திருந்த அந்த ஈ.சி.ஜி. அறை வாசல் மர வாங்கில் மறுபடி உட்கார எனக்கு மனமில்லை. பாப்பம்மா கேட்டார்: “சேர்ந்து போவோமா டீச்சர்? தனியா போக ஒரு மாதிரியா இருக்கு.”

“நான் போய் வந்துட்டேன்” என்றேன்.

பொய். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் சொன்ன பொய். பாப்பம்மா அதை நம்பினார். தனியாகப் போக அவருக்குத் துணிவு வரவில்லை. இருளாண்டி அவர்களே, இதை உங்கள் வீட்டில் சொல்லியிருக்கவேண்டும். சபையில் சொன்னால்தான் என்னால் பிறகு மறுக்க முடியாது என்பதால் இங்கே சொல்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தலைவியின் பணியைத் தொடர்வோம் என்று வாயால் சொல்வது இலேசு. நாம் செய்யப்போவது இதுதான். தோளோ தாடையோ புதிதாக வலித்தால் உடனே ஆஸ்பத்திரி, எண்ணெய் பிறகு. சோதனைக்கு இனி எவரும் தனியாகப் போவதில்லை. பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பாருங்கள். அவர்தான் உங்கள் சோடி. வியாழக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் முனவ்வராவும் நானும் போகிறோம்.

உங்கள் சோடி ‘போய் வந்துட்டேன்’ என்றால் நம்பாதீர்கள். நான் சொன்னாலும் நம்பாதீர்கள். கிளினிக் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள்.