மாலைக்குப் பின்னால் ஒரு கேபிள்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் சூடு சரியாக இருக்கிறது. நன்றி, ஐயா. இந்த உள்விசாரணைக்காகவே சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தீர்களாம். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஹெலன், என் வாக்குமூலத்தை நீங்கள் நிதானமாகவே அடிக்கலாம். ஐயா, ஒன்றைக் கவனியுங்கள். ஹெலன் அடிக்கும் எழுத்து இந்தத் திரையில் தெரிகிறதே தவிர, இந்தக் கணினியில் தங்குவதில்லை. மேசைக்கடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்கு ஸ்விட்ச் என்று பெயர். எழுத்து அதற்குள் போய், கேபிள் வழியாக ஆபீஸ் கட்டடத்தில் இருக்கும் சர்வரில் சேர்கிறது. பிரிண்டரும் அங்கேதான். அழகான ஏற்பாடு. இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. என் வாக்குமூலத்தின் சாரமே அவ்வளவுதான்.

நம் தொழிற்சாலை பெயின்ட் கம்பெனிகளுக்குத் தகர டப்பா செய்து கொடுக்கிறது. நான் சிஸ்டம் பொறுப்பாளராகச் சேர்ந்தபோது ஸ்டோர்ஸில் ஒரு கணினி, டிஸ்பாட்சில் ஒன்று, அக்கவுன்ட்ஸில் ஒன்று என்று இருந்தன. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. ஸ்டோர்ஸில் எத்தனை மூடி இருக்கிறது என்று டிஸ்பாட்சுக்குத் தெரிய வேண்டுமானால், ஒருவர் ஃப்ளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழையில் நடந்து வர வேண்டும். 2003-இல் எல்லாவற்றையும் இணைத்தோம். கேபிள் இழுத்தவர் ஒப்பந்த எலக்ட்ரீஷியன் எபினேசர். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். இந்த வருடம் அவரை நிரந்தரம் செய்வதாக இருந்தார்கள்.

அந்த முதல் வாரம்தான் என் வாழ்க்கையின் நல்ல வாரம். “கேசவன் சார், நான் இங்க தட்டனா அங்க எப்டி சார் வருது?” என்று இதே ஹெலன் கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு நெட்வொர்க் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. ஒழுங்காக ஓடும் ஒன்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஐயா.

முதலில் ஹெலனின் கணினியில் ஒரு கேபிளைத் தளர்த்தினேன். பிடுங்கவில்லை. உடனே கூப்பிட்டார். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு போவதை விளக்கினேன். எல்லாருக்கும் நல்லதாகவே முடிந்தது.

அடுத்து, மேனேஜர் வரதராஜுலு அவர்களின் கணினிக்கும் வருகைப்பதிவு மெஷினுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தேன். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? இரண்டும் மாறி மாறிச் செத்து விழுந்தன. “இன்னா நைனா இது, பஞ்சிங் மெஷினு எங்கூட சண்டைக்கு வர்து?” என்று மேனேஜர் கேட்டார். நான் விளக்கியதில் பாதியைக் கேட்டார். ஒரு மேனேஜர் பாதி கேட்பது சாதாரண விஷயமில்லை. ஒரு ஷிஃப்டு முழுவதற்கும் அன்று ஆப்சென்ட் விழுந்தது, அது வேறு.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

பிரஸ் மெஷின், ஃபோர்க்லிஃப்ட், எடைமேடை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை போட்டார்கள். ஆபீஸ் சுவரில் இருந்த பெரிய ஸ்விட்சுக்கு மாலை போட்டவன் நான். அந்தச் சாமந்தி மாலைக்குப் பின்னால் ஒரு குட்டைக் கேபிளின் இரண்டு முனைகளையும் அதே ஸ்விட்சில் செருகினேன்.

இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். பிரிண்டரைத் தேடும் கணினி முதலில், “பிரிண்டர் யார்?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தும். ஸ்விட்ச் அதை எல்லாக் கதவுக்கும் திருப்பிச் சொல்லும். அதுதான் அதன் வேலை. இப்போது இரண்டு வாட்ச்மேன்களை எதிரெதிரே நிறுத்தி, காதில் விழுவதையெல்லாம் திருப்பிக் கத்தும்படி சொல்லுங்கள். ஒருவர் ஒருமுறை “யாரது?” என்றால் போதும், பென்ஷன் வாங்கும் வரை ஓயாது. தன்னிடமே திரும்பி வரும் கேபிள் அப்படித்தான். கத்தல் பெருகிப் பெருகி வேறு எதற்கும் வழி இருக்காது.

விஜயதசமி காலையில் எல்லாரும் கணினியைப் போட்டார்கள். மாலைக்குப் பின்னால் விளக்குகள் ஒன்றாகப் படபடத்தன. பூவோடு சேர்த்துப் பார்க்க அழகாக இருந்தது. கேட் பாஸ் அச்சாகவில்லை. லாரிகள் வரிசையில் நின்றன. நான் வாங்கி வைத்திருந்த கரும்பலகையை எடுத்து வந்தேன்.

மதியம் மாலையை விலக்கி, “இதோ பாருங்கள்” என்று காட்டி முடிப்பதாகத்தான் திட்டம். மேனேஜர் குறுக்கே வந்தார். “மால மேல கை வெக்காதீங்கப்பா. பூஜ போட்ட கையோட கயட்டனா கம்பெனிக்கு ஆவாது. வெள்ளிக்கெயம வர்ட்டும்.”

எபினேசர் எட்டிப் பார்த்தார். “சார், பின்னால இன்னாவோ ஒயரு சுத்திக்கினு கீது. லேசா தூக்கிப் பாக்கட்டா?”

“உனக்கு இன்னா நைனா, ஞாயித்துக்கெயம சர்ச்சுக்குப் போய்டுவ. இங்க எதனா ஆனா யாரு பாக்கறது?”

“அப்ப வுடுங்க சார். நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு.”

உண்மை வெளிவர இருந்த ஒரே வாய்ப்பு அப்படிக் கைநழுவியது. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் கரும்பலகை முன்னால் கூட்டம் சேர்ந்திருந்தது. வேறு வேலை இல்லாததால் லாரி டிரைவர்கள்கூட வந்து நின்றார்கள். ஒருவர் சந்தேகம் கேட்டார். சந்தேகம், ஐயா. பாடத்தைப் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றுமதிச் சரக்கு கப்பலைத் தவறவிட்டது. வருத்தம்தான். ஆனால் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்துகொண்டுதானே இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை மாலையை நானே கழற்றினேன், கேபிளோடு சேர்த்து. நெட்வொர்க் உயிர் பெற்றது. பூஜையின் பலன் என்று மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் போன சரக்குக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே. கேபிள் இழுத்தவர் எபினேசர், அந்த வாரம் மழையும் பெய்திருந்தது. அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். நான் பேசாமல் இருந்தேன். அவர் மனைவி சாராள் கேட்டில் வந்து நின்று, “கேசவன் சார், அவுரு ஒயுங்காத்தான் இஸ்த்தாரு, நீங்களாவது சொல்லுங்க” என்றபோதும் பேசாமல் இருந்தேன்.

பிறகு அவரை நீக்கிய மெமோவின் நகல் என் மேசைக்கு வந்தது. ‘கேபிளுக்குள் மழைநீர் புகுந்து தகவல்கள் நனைந்துவிட்டபடியால்’ என்று எழுதியிருந்தார்கள்.

தகவல் நனையாது, ஐயா. அதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. இன்று நானாகவே வந்து உட்கார்ந்திருப்பதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். மனசாட்சி என்றும் எழுதிக்கொள்ளலாம்.

மன்னிக்கவும், பேனா கீழே விழுந்துவிட்டது. இருங்கள், நானே குனிந்து எடுக்கிறேன். ஆயிற்று.

ஆக, செய்தவன் நான். எபினேசர் மீது குற்றமில்லை. இனி இப்படிச் செய்ய மாட்டேன். ஹெலன் இதை அச்செடுத்ததும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தத் தாளைக் காட்டினால் எபினேசர் இன்றே வேலைக்குத் திரும்பலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். அவருக்கு நல்லது நடக்கட்டும்.

“சார், நின்னுபோச்சு சார். சேவ் ஆவமாட்டேங்குது. பிரிண்டும் போவல. அடிச்சதெல்லாம் எங்க சார் போச்சு?”

பார்த்தீர்களா, ஐயா, எவ்வளவு நல்ல கேள்வி. பதற வேண்டாம், ஹெலன். நாற்காலியை இப்படித் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். எபினேசர் வெளியே இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். எல்லாரும் மேசைக்கடியில் அந்தப் பெட்டியின் விளக்குகளை ஒருமுறை பாருங்கள். கரும்பலகை கதவுக்குப் பின்னால் இருக்கிறது, காலையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டேன்.