வாசலைத் தாண்டாத கார்

ஏரியூர் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெரியவர், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"நேத்து நானும் சம்சாரமும் எங்க காருல ஊட்டிக்குப் போனமுங்க. காரு வாசலத் தாண்டல."

"அதெப்படிங்க?"

"வெளிநாடு போன பையன் வுட்டுட்டுப் போன காரு. எனக்கு ஓட்டத் தெரியாது. பேட்டரி எறங்காம இருக்க, தெனம் பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வெக்கச் சொன்னான். நான் ஸ்டேரிங்கப் புடிச்சு உக்காருவேன். அவ பூ வெச்சுக்கிட்டு வந்து, 'இன்னிக்கு எங்கங்க?'ம்பா."

"ஓட்டப் பழகிக்கலாமில்லைங்க?"

"வண்டி நகந்தாலே அவளுக்கு வாந்திங்க. இதுவரைக்கும் தருமபுரியத் தாண்டுனதில்ல."

ஜன்னலுக்கு வெளியே பாறைகள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

"நேத்து மலை ஏறுறப்பவே தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. இன்னொரு பத்து நிமிசம் மெதுவா ஓட்டுனேன்."