வாய்ப்புண்ணுக்குக் கசாயம்

ஊசியெல்லாம் வேணாங்க டிரசர் ஐயா, எங்க வீட்டு மனுசன் தேறிட்டாரு. உள்ள எட்டிப் பாருங்க, சாஞ்சு உக்காந்திருக்காரு. நீங்க இப்புடி உக்காருங்க, எலுமிச்ச வாசம் அடிக்கிற செராய்ப் புல்லு தட்டிப் போட்ட தண்ணி ஊத்துறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியிலேருந்து வெயில்ல சைக்கிள் மிதிச்சு வந்தவங்களுக்கு நல்லதுலா.

மொதல்ல வாயெல்லாம் வெந்துபோச்சு ஐயா. நாக்குத் தோலு உரிஞ்சு எச்சி முழுங்க முடியல. பக்கத்து வீட்டு மங்களம் அக்காதான் சொன்னாங்க, வயித்துச் சூடுடி இருளாயி, மணத்தக்காளி எலைய வேகவச்சுக் குடுன்னு. குடுத்தேன், புண்ணு ஆறிடுச்சு. அப்புறம் பாத்தா ஒண்ணுக்கு சரியாப் போகல. மலாய்க்காரங்க கம்பத்துல ஒரு அம்மா வேலியில மிசாய் கூச்சிங் இருக்குல்ல, பூன மீச கணக்கா பூக்குமே, அத ஒடிச்சாந்து கொதிக்க வச்சேன். கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சுச்சு, கீழாநெல்லி. அடுப்ப அணைக்கவே இல்ல நானு.

இப்ப இருமல் மட்டுந்தான். துளசியும் இஞ்சியும் போட்டுக் குடுக்குறேன். கக்கூசுக்குப் போயிட்டு வந்தா மூச்சு எறைக்குது, ஒதடு லேசா நீலமாத் தெரியுது. படுத்தே கெடந்த ஒடம்பில்ல? நாளைக்கு வேலைக்குப் போறேன்னு வேல பிரிக்கிற மண்டோர் மாயாண்டிக்கே சொல்லி விட்டுட்டாரு.

ஏன் கிளாச வச்சிட்டீங்க? கசக்குதா?

சம்சு சாராயமா? சேச்சே, அத விட்டு ரொம்ப நாளாச்சு. கண்டதையும் திங்கிற ஆளும் இல்ல.

வாய் வெந்த அன்னைக்கா? அன்னைக்கு வேல விட்டு தாகமா வந்தாரு. தாகத்துக்குன்னு நான் எப்பவும் ஏதாச்சும் கசாயத்த ஆறவச்சு போத்தல்லதான் ஊத்தி வைப்பேன். அவரு வீட்டுக்குப் பின்னால லாலாங் புல்லு மண்டிக் கெடக்குன்னு தோட்டத்து ஸ்டோர்லேருந்து புல்லு சாகடிக்கிற மருந்து கொஞ்சம் அதே மாதிரி போத்தல்ல கொண்டாந்து பக்கத்துல வச்சிருந்தாரு. ரெண்டும் ஒரே கலரு. அவசரத்துல மாத்தி எடுத்துட்டாரு. ஒரு வாய்தான் ஐயா. பாதிய துப்பிட்டாரு, பாதிதான் உள்ள போச்சு. அதையும் வாந்தி எடுத்துட்டாரே.

எதுக்கு எந்திரிக்கிறீங்க? ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கா, இப்பவேவா? நல்லாத்தானே இருக்காரு... அங்க போனா மருந்து குடுத்து சரியாக்கிருவாங்கல்ல?

என்னது, புல்லு மருந்து உள்ள போனா அதுக்கு மருந்தே இல்லியா?

மெதுவாப் பேசுங்க ஐயா. அவரு காதுல விழுந்துரும்.