பக்கத்தில் விட்ட இடம்

எனக்குக் கையெழுத்து அழகாக வரும். இன்ஸ்பெக்டர், நீங்கள் இன்று என் எதிரில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

எங்கள் அகிதா மருத்துவமனையில் ஒவ்வொரு அக்டோபரிலும் நினைவுநாள் நடக்கும். அந்த ஆண்டில் இறந்து, உடலை ஆய்வுக்குக் கொடுத்தவர்களின் பெயர்களைத் தூரிகையால் நீளத் தாளில் எழுதி, குடும்பத்தார் முன்னால் வாசிப்போம். பத்தொன்பது ஆண்டுகளாக எழுதுவது நான். ஆய்வுக்கூடத்து எலிகளுக்கும் வசந்தத்தில் தனியாக ஒரு நாள் உண்டு. அதற்கும் நான்தான். நன்றி மறக்கிறவன் இல்லை நான். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் வேலை பேதாலஜி. நோயாளிகள் என்னிடம் வருவதில்லை. அவர்கள் உடலிலிருந்து வெட்டிய துண்டுகள்தான் வரும். இரைப்பை, குடல், கணையம். கட்டியில் கோடிக்கணக்கான செல்கள் இருந்தாலும், வெட்டிய பின்னும் மருந்து கொடுத்த பின்னும் அதை மறுபடி முளைக்க வைப்பவை சில மட்டுமே. ஸ்டெம் செல் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். நான் விதை என்பேன். மற்றவர்கள் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் நான் விதையைத் தேடினேன்.

எலிகளில் காட்டினேன். மாநாட்டில் ஒரு பேராசிரியர் மைக்கைப் பிடித்து, "இசோயா, உன் விதைக்கடை நல்லாத்தான் இருக்கு. ஆனா என் நோயாளிங்க யாருக்கும் வால் கிடையாதேப்பா," என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கேட்டது நியாயம். மனிதரில் காட்ட வேண்டும். ஒரே ஆளின் முதல் கட்டி, வெட்டிய விளிம்பில் தங்கிய விதை, திரும்பி வந்த கட்டி, மூன்றும் வேண்டும். நடுவில் சொன்னதை எந்த அறுவை மருத்துவரும் தெரிந்தே விட்டுவைப்பதில்லை.

மிஸுனுமா ஹாருயே. அறுபத்து மூன்று வயது. புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய் விற்பவர். சென்ற ஆண்டு ஏப்ரலில் அவருக்கு இரைப்பையில் அறுவை நடந்தது. அறுவை நடக்கும்போதே வெட்டிய விளிம்பை எனக்கு அனுப்புவார்கள். நான் அதை உறைய வைத்து, சீவி, சாயமேற்றிப் பார்த்து, மைக்கில் பதில் சொல்ல வேண்டும். சுத்தம் என்றால் தைத்துவிடுவார்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் வெட்டுவார்கள். இரண்டு போதும்.

அறுவை செய்தவன் நருமி. என்னோடு படித்தவன். "டேய் இசோயா, தூங்கிட்டியா? வயித்தைத் தொறந்து வெச்சுட்டு நிக்கிறேன்டா."

கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஏழு செல்கள் இருந்தன. எண்ணினேன்.

"சுத்தம்," என்றேன்.

"ஓரமெல்லாம் பாத்தியா?"

"நான் எப்பவாவது தப்பா சொல்லியிருக்கேனா?"

"அது சரி. உன் பேச்சுக்கு அப்பீல் ஏது," என்று தைக்கத் தொடங்கினான். மறுநாள் செய்யும் நிதானமான பரிசோதனையிலும் என் கையெழுத்துதான். மிச்சத் துண்டை என் உறைபெட்டியில் பத்திரப்படுத்தினேன்.

இந்த ஜனவரியில் ஹாருயேயின் கணவர் கென்கிச்சி மூளையில் ரத்தம் கசிந்து எங்கள் மருத்துவமனையிலேயே இறந்தார். உடலை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். வசந்தத்தில் அந்த அம்மாள் என் அறை வாசலில் ஊறுகாய்ப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"முகமே காட்டாத டாக்டர் நீங்கதானா? பாக்க நல்லாத்தானே இருக்கீங்க, எதுக்கு ஒளிஞ்சுக்கறீங்க? எங்க வீட்டுக்காரர் பேரை நீங்கதான் எழுதுவீங்களாமே. கிறுக்கிடாதீங்க. உசிரோட இருக்கறப்பவே மனுஷனுக்கு மூஞ்சி கோணல். பேராவது நேரா இருக்கட்டும்."

தன் உடலுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "அவர் பக்கத்துல எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு வைங்க டாக்டர். அவசரமில்ல."

ஊறுகாய் நன்றாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

ஆகஸ்டில் கட்டி திரும்பியது. நருமி என் அறையில் வந்து உட்கார்ந்து, "எங்கடா தப்பு பண்ணேன்?" என்று அழுதான். உன் மேல் தப்பில்லை என்றேன். அது உண்மைதானே. என் கணக்குப்படி அந்த அம்மாள் செப்டம்பரைத் தாண்டக் கூடாது. செப்டம்பர் கடைசியில் நினைவுநாள் தாள் வந்தது. கணவர் பெயரை எழுதினேன். பக்கத்தில் இடம் இருந்தது. கை நிற்கவில்லை. திரும்பி வந்த கட்டிக்காக என் அலமாரியில் அந்த அம்மாளின் பெயர் ஒட்டிய பெட்டி ஒன்று ஏற்கனவே காத்திருந்தது. அதனால் எழுதியது பிழையாகவே தோன்றவில்லை.

நினைவுநாளில் இயக்குநர் வாசித்தார். "மிஸுனுமா கென்கிச்சி. மிஸுனுமா ஹாருயே."

மூன்றாவது வரிசையிலிருந்து அந்த அம்மாள் எழுந்தார். மெலிந்து, தலையில் துணி கட்டியிருந்தார். "இருங்க, இருங்க. நான் இன்னும் கிளம்பவே இல்லையே."

சிலர் சிரித்துவிட்டார்கள். நருமி சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அன்று மாலையே பழைய கண்ணாடித் தகட்டைத் தேடி எடுத்திருக்கிறான். ஏழு செல்களைக் கண்டுபிடிக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆனதாம். எனக்கு நான்கு நிமிடம்.

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்கிறீர்கள். எழுத மாட்டேன். அந்த ஏழு செல்களையும் நான் கொண்டுபோய் வைக்கவில்லை. இருந்ததை இருக்க விட்டேன். நாளை உங்கள் வயிற்றில் ஒன்று முளைத்தால், அதன் விதையை ஒழிக்கும் மருந்து என் உறைபெட்டியிலிருந்துதான் வரும். அப்போது வந்து என்னைத் திட்டுங்கள்.

அந்த அம்மாள் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். அது சரியில்லை. கொடுத்த வார்த்தை. யாராவது அவரிடம் பேச வேண்டும். அவருக்கு முன்னால் கிடைத்த மூன்று பேரை மட்டும் வைத்து எந்த ஆய்விதழும் கட்டுரையை ஏற்காது.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள், அந்த மூன்று பெயர்களில் மட்டும் மை சற்று அடர்த்தியாக இருக்கும். மரியாதைக்காக. அவர்களெல்லாம் உரிய காலத்தில் வந்தார்கள்.

ஹாருயே அம்மாளிடம் சொல்லுங்கள், கணவர் பக்கத்தில் அந்த இடம் அப்படியே இருக்கும். நான் என் வாழ்நாளில் யாரையும் அவசரப்படுத்தியதில்லை.