நான் வச்ச ரப்பர்

ஹலோ... சொல்லுண்ணே, கேக்குது... ஆமா, உன் தங்கச்சியேதான். ஒரு வருஷம் கழிச்சு என் நம்பர் ஞாபகம் வந்துச்சாக்கும்... சரி, சரி, அழாக்குறையா பேசாத. என்ன ஆச்சு?

...எது, படகுல பாய் கட்டுற அலுமினியக் கம்பமா?... போல்ட்டு கழட்டுன இடத்துலயா... வெள்ளையா மாவு பூத்திருக்கா? சுரண்டினா குழி விழுதா?... ம், விழும்.

...ஏன்னு என்னையா கேக்குற? மழைக்காலம் முழுக்க வெளியிலதானே போட்டிருப்ப, இரும்பு ஸ்டாண்டு மேல. நடுவுல நான் வச்ச ரப்பர் ஷீட்டு எங்க?... கார்ல காலுக்கு அடியில போட்டுட்டியா. நல்லது. பாவம், உன் காலு.

...இருண்ணே, நான் பேசி முடிச்சுடுறேன். அலுமினியமும் இரும்பும் ஒட்டிக் கிடந்து, இடையில உப்புத் தண்ணி நின்னா அலுமினியத்தைத் தின்னுடும்னு சொன்னேனா இல்லையா? நல்ல தண்ணியில கழுவி, காயவச்சு, ஸ்டீல் சாமானெல்லாம் கழட்டித் தனியா வைன்னு சொன்னேனா?... சொன்னேன்ல. நீ என்ன சொன்ன?... மறந்துட்டியா. நான் மறக்கல. ரெண்டும் என்ன மாமியார் மருமகளா, தனித்தனியா படுக்கப் போடன்னு கேட்ட. உன் ஒர்க்‌ஷாப்பே சிரிச்சுது. அன்னிக்கே என் டூல்ஸ் பெட்டியைத் தூக்கி வாசல்ல வச்ச. அதை பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிட்டு நடந்தது இன்னும் தோள்ல வலிக்குது...

ஆமா... ஆமா, கோவம்தான். இல்லைன்னு சொல்லல. வயிறு எரியுது.

...சரி விடு. இப்ப என்ன பண்ணி வச்சிருக்க?... குழியெல்லாம் பட்டி போட்டு அடைச்சு மேல பெயின்ட்டும் அடிச்சாச்சா... எத்தனை இடம்?... மெதுவா சொல்லு. அடியில நாலு... நடுவுல மூணு... மேல கம்பி கட்டுற இடத்துலயுமா? ரெண்டு. ஆக ஒம்பது. வேற?... சத்தியமா?... சரி.

...அந்தக் கம்பத்தை வாங்குறது யாருன்னு தெரியும்ல, படகு ஓட்டக் கத்துக் கொடுக்கிற பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைங்க ஏறும். காத்துல கம்பம் முறிஞ்சா யார் தலையில விழும்?... அதெல்லாம் ஆகாதா. ம்.

...நாளைக்கு பத்து மணிக்கு அங்கருந்து செக் பண்ண ஆள் வருதா. அவங்க கண்ணுல படாம இருக்க என்ன பண்ணணும்னு கேக்கத்தான் தங்கச்சி ஞாபகம் வந்துச்சா...

ஒண்ணும் பண்ண வேணாம். கம்பத்தை வெளிச்சத்துல எடுத்து வை, போதும்... ஏன்னா எனக்கு வெளிச்சத்துல பார்த்துதான் பழக்கம்... ஆமாண்ணே. அந்தப் பள்ளிக்கூடத்துல போன மாசம் வேலைக்குச் சேர்ந்தேன். வர்ற ஆளு நான்தான்.

...கத்தாத. ஒம்பது இடமும் எழுதிக்கிட்டேன்... அம்மாகிட்ட சொல்லு, தாராளமா சொல்லு... அப்புறம், அந்த ரப்பரைக் கார்லருந்து எடுத்துக் கழுவி வை. போகும்போது வாங்கிட்டுப் போறேன்...

ஹலோ?... அண்ணே?... வச்சுட்டான்.