காரை எலும்பு நல்ல எலும்பு

இந்த முறை காலபோக விதைப்புக்கு மழை சொல்லிவைத்த மாதிரி நேரத்துக்குப் பெய்தது, ரீச்சர். நெல் நன்றாக வந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகும் எல்லாமே நெல்லில்தான் தொடங்குகிறது.

நீங்கள் எங்கள் றக்பிக் கழகத்தின் தலைவி. சனிக்கிழமை நெளுக்குளத்து அணியோடு ஆட்டம். அதற்கு முன் விஜிதரனாகிய என்னைக் கழகத்தில் வைத்திருப்பதா, துரத்துவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்காகத்தான் என்னைச் சனசமூக நிலையத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இருக்கக் கதிரை தந்து, குடிக்கப் பிளேன்ரீ தந்து, ஆறுதலாகக் கேட்கிறீர்கள். வேறு யாரும் என்றால் கன்னத்தைப் பொத்தி இரண்டு கொடுத்துவிட்டுத்தான் கேட்டிருப்பார்கள். ஆகவே நான் ஒன்றையும் ஒளிக்கப் போவதில்லை. பயிற்சியில் நிருஷன் விழுந்த கதைக்கும் வருவேன். ஆனால் ஒழுங்காக வர வேண்டும்.

எங்கள் ஊரில் கிரிக்கெட் விளையாடுவார்கள், கரப்பந்து விளையாடுவார்கள். நீங்கள் விளையாட்டு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு அந்த முட்டைப் பந்தைக் கொண்டுவந்து குளக்கட்டுக்குக் கீழே போட்டபோது, வந்து சேர்ந்தவர்கள் கமக்காரரும் மெசின் ஓட்டுபவர்களும்தான். பந்தைப் பிடிக்க ஒருவனுக்கும் தெரியாது. தள்ளத் தெரியும். சேற்றில் புதைந்த உழவு மெசினைத் தள்ளித் தள்ளியே வளர்ந்தவர்கள் நாங்கள். எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, தலையைக் குனிந்து, எதிரே நிற்கும் எட்டுப் பேரை முட்டித் தள்ளுவதுதான் ஸ்கிரம் என்று காட்டித் தந்தீர்கள். முதல்நாள் நாங்கள் போட்ட சத்தத்தில், காட்டுக்கரை வீட்டுக்காரர் யானை வந்துவிட்டது என்று வெடி கொளுத்திப் போட்டார். முன்வரிசையில் நின்ற பரமேஸ்வரன் அண்ணை அப்போதும் தள்ளுவதை நிறுத்தவில்லை.

அந்த ஸ்கிரமுக்குள் நிற்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருப்பான். பின்னால் நிற்பவனின் தோள் என்னை முட்டிக்கொண்டிருக்கும். சேறும் வேர்வையும் மணக்கும். கழுத்து நோகும், காது உரஞ்சிக் கிழியும். ஆனால் அந்த நேரத்தில் நான் தனி ஆள் இல்லை. கலியாணம் கட்டிய அன்றைக்குக்கூட எனக்கு அப்படி இருக்கவில்லை. இதை என் மனைவி தயாளினிக்குச் சொல்லிவிடாதீர்கள்.

தயாளினி என்றதும் நினைவு வருகிறது. இரண்டாம் வருஷம் எங்கள் மனைவிமார் எல்லாரும் சேர்ந்து உங்களிடம் சண்டைக்கு வந்தார்கள். அவள்தான் முன்னுக்கு நின்றாள்.

“ரீச்சர், இவர் விழுந்து கை காலை முறிச்சால் வயலை ஆர் பாக்கிறது? நீங்கள் வந்து புல்லுப் பிடுங்குவியளோ?”

அதற்கு நீங்கள் ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். காயப்பட்டவன் சுகமாகும்வரை அவனுடைய வேலை முழுவதையும் அணி செய்யும். வராமல் நிற்க ஒருவரும் சாட்டுச் சொல்லக் கூடாது. காயப்பட்டவனும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. எங்கள் கழகத்தின் ஒரே சட்டம் அதுதான். அது எவ்வளவு அருமையான சட்டம் என்பது அதைப் போட்ட உங்களுக்கே தெரியவில்லை என்பது என் எண்ணம்.

போன காலபோகத்தில் பரமேஸ்வரன் அண்ணையின் மனைவிக்கு ஒப்பரேசன். அவருடைய வயலோ பள்ளக்காணி. தண்ணீர் வடியாது, வெட்டு மெசின் இறங்கினால் புதைந்துவிடும். கையால்தான் வெட்ட வேண்டும். கதிர் சாய்ந்து முளைக்கத் தொடங்கிவிட்டது. மனிதர் ஆஸ்பத்திரிக்கும் வயலுக்கும் அலைந்து அரை ஆளாகிவிட்டார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. போய்க் கேட்டேன்.

“அண்ணை, பெடியளைக் கூட்டிக்கொண்டு வந்து வெட்டித் தாறமே.”

“ஏன், எனக்கென்ன கை முறிஞ்சே போச்சு? நீ உன்ர வேலையைப் பார்.”

நியாயமான பதில். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். கை முறியவில்லை என்பது ஒன்றுதான் அங்கே தடையாக இருந்தது.

அடுத்த பயிற்சியில் அவர் பந்தோடு ஓடி வந்தபோது நான் தோளைக் கொஞ்சம் உயரத்தில் கொடுத்தேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், காய்ந்த பூவரசங்கொப்பு முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். காரை எலும்பு நல்ல எலும்பு, ரீச்சர். முறிவுப் பரியாரியார் எண்ணெய் வைத்துக் கட்டிவிட்டால் தன்பாட்டில் கூடிவிடும். கால் எலும்பு அப்படியில்லை. கால் எலும்பை நான் இதுவரை தொட்டதே இல்லை. இதை நீங்கள் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். முழு அணியும் அரிவாளோடு பள்ளக்காணிக்குள் இறங்கியது. பரமேஸ்வரன் அண்ணை கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வரம்பில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். வெட்டுகிற விதம் சரியில்லை என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஏசினார். கடைசி நெல்லுக்கட்டையும் ஏற்றி முடிந்தபோது மனிதர் அழுதுவிட்டார்.

“விஜி, முறிஞ்சதும் நல்லதுக்குத்தானடா,” என்று மற்றக் கையால் என் கையைப் பிடித்தார்.

அப்படி ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு சும்மா இருக்க எந்த மனிதனால் முடியும்?

அடுத்தது அஜந்தன். அவனும் அவன் அண்ணன் கோகுலனும் ஒரு வரம்புத் தகராறில் பேச்சை விட்டிருந்தார்கள். ஸ்கிரமில் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்க மாட்டார்கள். அதனால் நடுவில் பிளந்துபோய் ஒட்டுசுட்டான்காரரிடம் கேவலமாகத் தோற்றோம். இதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும் என்று எல்லாரும் கதைத்தார்கள். கதைத்ததோடு சரி. நான்தான் பார்த்தேன். அண்ணனையா தம்பியையா என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். கோகுலனுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, காயம் ஆறப் பிந்தும். ஆகவே தம்பி.

சட்டம் சட்டம்தானே. கோகுலன் வாயை ஊதிக்கொண்டு தம்பியின் வயலில் புல்லுப் பிடுங்கினான். தகராறு வந்த அதே வரம்பை அவனே மண் வெட்டிப் போட்டுக் கட்டினான். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் ஒரே பார்சலில் சோறு சாப்பிட்டார்கள். இப்போது அவர்களைப் பிரித்தெடுக்க முடியவில்லை. இது பிழையா, ரீச்சர்? சொல்லுங்கள்.

பரியாரியார் மட்டும் ஒருநாள் சந்தையில் என்னைக் கண்டு, “தம்பி விஜி, உன்னாலை எனக்கு எண்ணெய் முடியுது,” என்றார். பகிடிக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இனி நிருஷன்.

“அவனிட்டை ஒரு பாத்தி வயல்கூட இல்லையே, விஜி. பிறகு அவனை ஏன்?” என்று கேட்கிறீர்கள். உண்மைதான். அவனிடம் இருப்பது மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. அதற்கும் சட்டப்படி அணி போனது. அந்தச் சின்னக் கடைக்குள் எங்கள் முன்வரிசை முழுவதும் நின்றால் வாடிக்கையாளர் எங்கே நிற்பது? பரமேஸ்வரன் அண்ணை ஒருவருடைய பிறப்புச் சான்றிதழை லமினேற் பண்ணும்போது தன் வெற்றிலையையும் சேர்த்துப் பண்ணிவிட்டார். “இனிப் பழுதாகாது,” என்று சொல்லித்தான் கொடுத்தாராம். கடை படுத்துவிடும் என்று நிருஷன் கட்டிலில் கிடந்து அழுகிறான் என்று சொல்கிறார்கள். அது எனக்கும் கவலைதான்.

ஆனால் நான் அவனுடைய நன்மையைத்தான் பார்த்தேன். இளம்பிள்ளை. கழுத்து இன்னும் தடிக்கவில்லை. நெளுக்குளத்தாரின் முன்வரிசை மூன்றும் எருமைக்கடாக்கள். அவர்களுக்கு முன்னால் நிற்கவிட்டால் அந்தக் கழுத்து என்னாகும்? கழுத்தைக் காப்பாற்றக் காரை எலும்பைக் கொடுப்பதில் நட்டமில்லை.

ஊரில் வேறு மாதிரிக் கதைக்கிறார்கள். போன கிழமை நீங்கள் எல்லாருக்கும் முன்னால், “விஜி, உமக்கும் வயசு போகுது. இனி நிருஷன் நிக்கட்டும், நீர் தண்ணிப் போத்தலைப் பாரும்,” என்று சொல்லி நான் நின்ற இடத்துக்கான மூன்றாம் இலக்கச் சட்டையை அவனுடைய அளவில் புதிதாக அவனிடம் கொடுத்தீர்கள். அந்த எரிச்சலில்தான் நான் செய்தேனாம். எரிச்சல்படுகிற ஆளா நான்? முதலில் கைதட்டியதே நான்தான். கோகுலன் அடுத்த ஸ்கிரமில் அவனுடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்ததைப் போத்தலோடு வெளியில் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் பிடித்தான். நான் திருகிய திருகில் போத்தல் மூடி உடைந்தது, அவ்வளவுதான். பயிற்சி முடிய நானே போய், “தம்பி, சட்டையைத் தா, நான் தோய்ச்சுத் தாறன்,” என்று வாங்கிக்கொண்டும் போனேன். எரிச்சல் உள்ளவன் தோய்ப்பானா?

ஒன்றையும் ஒளிக்கவில்லை. என்னைத் துரத்துவதென்றால் துரத்துங்கள், ஆனால் சனிக்கிழமை ஆட்டம் முடிந்த பிறகு துரத்துங்கள். முன்வரிசையில் நிற்க வேறு ஆளும் இல்லை.

தையல்கார சிவலட்சுமி அக்காவையும் விசாரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் சொன்னது சரி. நிருஷன் வயிறில்லாத பிள்ளை, அவனுடைய அளவு எனக்கு ஏறாது. அந்தச் சட்டையின் விலாப் பக்கம் இரண்டையும் பிரித்துத் துண்டு வைத்துத் தைக்கக் கொடுத்தேன். அவன் விழுந்த பயிற்சிக்கு முந்தின நாளே கொடுத்தேன் என்பதும் சரிதான். அந்த அக்கா தையலுக்கு எப்போதும் நாள் எடுப்பார், ரீச்சர். ஆட்டத்துக்குப் பிந்திவிடக் கூடாதே.